சின்னக் கோச்சி சென்ற வழி

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாய வழியாக மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே, சபரகமுவையின் குன்றுகளைக் கடந்து ஊவா மலைகளின் தென்புறச் சரிவில் ஏறுவோரை முதலில் எதிர்கொள்ளும் ஊர்களுள் ஒன்று ஹல்துமுல்லை. வடக்கே நிமிர்ந்து நோக்கினால் சுவரென எழுந்து நிற்கும் மலைத்தொடர். தெற்கே திரும்பினால் காலடியிலிருந்து கண்ணுக்கெட்டிய தொலைவுவரை விரிந்து கிடக்கும் சமவெளி. இடையிலே தேயிலைத் தோட்டங்கள், லயங்கள், சிறு கோயில்கள், ஓயாத காற்று. இவ்வளவும் உடைய இவ்வூருக்கு இல்லாதது ஒன்று உண்டு. இங்கே புகையிரத நிலையம் இல்லை.

ஆயினும் ஹல்துமுல்லை இரண்டு இருப்புப்பாதைகளுக்கு நடுவே அமைந்த ஊர் என்று கூறினால் அது மிகையாகாது. ஊருக்கு மேலே, 5,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், மலைமுதுகின் மீது இதல்கஸ்ஹின்ன என்னும் சிறு நிலையம் இருக்கிறது. வண்டிகள் ஓடும் நாட்களில் பதுளைப் பாதையின் இரவு வண்டி அம்மலைமுடியில் செல்லும்போது, நட்சத்திரக் கூட்டமொன்று வரிசையாக நகர்வதுபோலக் கீழேயுள்ளோர்க்குத் தோன்றும். இது முதலாவது பாதை. மற்றையது, இதே நெடுஞ்சாலையில் மேற்குத் திசையாக இறங்கிப் பலாங்கொடையையும் கடந்து சென்றால் வரும் ஓபநாயக்க என்னும் ஊரில் முடிந்த பாதை. முதலாவது பாதையைப் படமெடுக்க உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். இரண்டாவது பாதை இருந்ததென்பதே இன்றைய மாணவர் பலருக்குத் தெரியாது. நாம் இங்கே கூற முற்படுவது அந்த இரண்டாவது பாதையின் கதையை.

மலை ஏறிய பாதை

இரண்டாவதன் கதை விளங்க வேண்டுமாயின் முதலாவதைச் சிறிது அறிந்திருத்தல் நலம். இலங்கையில் முதன்முதலாக இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1864ஆம் ஆண்டு டிசம்பரில், கொழும்புக்கும் அம்பேபுசைக்கும் இடையிலே. 1867இல் அது கண்டியை எட்டியது. அந்நாளில் மலைநாட்டின் செல்வம் கோப்பி. கோப்பி மூட்டைகளைக் கொழும்புத் துறைமுகத்தில் சேர்ப்பதற்கென்றே அப்பாதை அமைக்கப்பட்டது. 1869இல் தலைகாட்டிய இலைநோய் சில ஆண்டுகளிலே கோப்பியை வேரோடு அழித்துவிட, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. பயிர் மாறினும் பாதையின் பயணம் நிற்கவில்லை. 1885இல் நானுஓயா, 1893இல் ஹப்புத்தளை, 1894இல் பண்டாரவளை என்று படிப்படியாக ஏறி இறங்கி, 1924இல் பதுளையைச் சென்றடைந்தது. இடையிலுள்ள பட்டிப்பொளை நிலையம் 6,226 அடி உயரத்தில் உள்ளது.

இப்பாதையில் ஏறி வந்தவர்கள் யார்? கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடும் காய்ச்சலும் நிறைந்த வடபாதையிலே கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டவர் தொகை எக்கல்லிலும் பொறிக்கப்படவில்லை. இருப்புப்பாதை வந்தபின் அவர்தம் மக்கள் வண்டியேறி வந்தனர். மலையகத்தார் புகையிரதத்தைக் 'கோச்சி' என்று வழங்குவர். தாத்தா நடந்து வந்தார், அப்பா கோச்சியில் வந்தார் என்று இரண்டு தலைமுறை வரலாற்றையும் ஒரே வசனத்தில் அடக்கிவிடும் பெரியோரை ஊவாத் தோட்டங்களில் நாம் பலமுறை சந்தித்ததுண்டு.

தம்பி பிறந்தான்

பதுளைப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள அகலம் 5 அடி 6 அங்குலம். இதனை அகலப்பாதை என்பர். பெரிய வண்டிகள், மிகுந்த பாரம், நல்ல வேகம் ஆகியவை இதன் நலன்கள். ஆனால் அகலப்பாதை எளிதில் வளையாது. மலைச்சரிவு எதிர்ப்பட்டால் அதைக் குடைய வேண்டும். பள்ளம் வந்தால் பாலம் கட்ட வேண்டும். குடைவதற்கும் கட்டுவதற்கும் பெரும்பொருள் வேண்டும். கொழும்புக்குக் கிழக்கே களனி கங்கைப் பள்ளத்தாக்கிலிருந்த தோட்டக்காரர் தமக்கும் ஒரு பாதை வேண்டுமென்று கேட்டபோது, அரசாங்கம் சிக்கனமான வழியொன்றைத் தெரிந்துகொண்டது. 2 அடி 6 அங்குல அகலமே உடைய ஒடுங்கிய பாதை அது. அகலப்பாதையின் பாதிக்கும் குறைந்த அகலம். அதன் வண்டிகள் சிறியவை. ஆதலின் மலையோடு மலையாக நெளிந்து செல்லக்கூடியவை. ஆற்றங்கரையை ஒட்டியும், ரப்பர்த் தோட்டங்களின் ஓரமாகவும், பெருஞ்செலவின்றி அதனைக் கொண்டுசெல்ல முடிந்தது.

இவ்வாறு பிறந்ததே களனிப் பள்ளத்தாக்குப் பாதை. 1902இல் அவிசாவளைவரையும் அடுத்த ஆண்டில் எட்டியாந்தோட்டைவரையும் வண்டி ஓடிற்று. அவிசாவளையிலிருந்து ஒரு கிளை தென்கிழக்கே திரும்பி, 1912இல் மாணிக்கத்துக்குப் பெயர்போன இரத்தினபுரியை அடைந்தது. பின்னர் மேலும் கிழக்கே நீண்டு 1919இல் ஓபநாயக்கவில் வந்து நின்றது. அதற்கு அப்பால் பலாங்கொடை. பலாங்கொடைக்கு அப்பால் பெலிஹுல் ஓயா. அதற்கும் அப்பால் மலையேறினால் ஹல்துமுல்லை. ஆனால் தண்டவாளம் ஓபநாயக்கவுக்கு அப்பால் ஓர் அடியும் வைக்கவில்லை.

இதே அகலத்தில் மலைநாட்டிலும் ஒரு பாதை இருந்தது. நானுஓயாவில் பெரிய வண்டியை விட்டிறங்கி, நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைவரை செல்லும் உடப்புசல்லாவைப் பாதை அது. 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்ட அப்பாதை, 1940கள் முடிவதற்குள் மறைந்துவிட்டது. ஒடுங்கிய பாதைகளுக்கு இயல்பாகவே இருந்த குறையொன்று அங்கே நன்கு வெளிப்பட்டது. சிறிய வண்டியில் வந்த தேயிலைப் பெட்டிகளை நானுஓயாவில் ஒவ்வொன்றாக இறக்கிப் பெரிய வண்டியில் ஏற்ற வேண்டும். இறக்குகூலி, ஏற்றுகூலி, தாமதம், சேதம் என்று செலவு வளர்ந்தது. தோட்டத்து வாயிலிலே பெட்டியை ஏற்றிக் கொழும்பு வாயிலிலே இறக்கும் லொறி வந்தவுடன், சின்னப் பாதையின் நாட்கள் எண்ணப்பட்டன.

ஓபநாயக்கவை நோக்கி

கல்லூரி விடுமுறையொன்றில் மாணவர் இருவரை உடன் அழைத்துக்கொண்டு, ஹல்துமுல்லையிலிருந்து பஸ் வண்டியில் மேற்கே இறங்கினோம். இச்சாலையில் செல்வதே ஒரு கல்வி. களுபஹனையை அணுகும்போது வடக்கே உள்ள மலையிடுக்கில், இலங்கையில் மிக உயர்ந்ததாகிய பம்பரகந்த நீர்வீழ்ச்சி இருக்கிறது. அதன் உயரம் 263 மீற்றர். பெலிஹுல் ஓயாவில் காற்றின் குளிர் குறைகிறது. தேயிலைக்கு நடுவே ரப்பரும் கமுகும் கலந்து தோன்றத் தொடங்குகின்றன. பலாங்கொடையைக் கடக்கும்போது மேற்சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறோம். ஒரு காலை நேரத்துள் மலைநாட்டிலிருந்து ஈரவலயத் தாழ்நிலத்துக்கு இறங்கிவிடுகிறோம்.

மூடப்பட்ட இருப்புப்பாதையை எவ்வாறு கண்டுபிடிப்பது? தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் போய்விட்டாலும் நிலம் எளிதில் மறப்பதில்லை. சாலை மனம்போல ஏறும், இறங்கும். புகையிரதத்துக்கு அது இயலாது. மிக மெல்லிய சரிவே அதற்கு உகந்தது. ஆதலால் குன்றின் இடுப்பில் சமமட்டமாக வெட்டப்பட்டு, வளைவுகளும் ஒரே சீராக அமைந்த ஒற்றையடி அகலத் தடமொன்று எங்கேனும் தோன்றினால், அங்கே நின்று கவனிக்க வேண்டும். ஓடையைக் கடக்கும் இடத்தில் கருங்கல் மதகு ஒன்று, அதன்மேல் செல்லும் வழியின் சிறுமைக்குப் பொருந்தாத உறுதியோடு அமைந்திருந்தால், ஐயம் தீர்ந்தது. இதனை நாம் சொல்லிக்கொடுத்த சிறிது நேரத்துக்கெல்லாம், நமக்கு முன்பாகவே மாணவர்கள் அத்தகைய தடங்களைச் சுட்டிக்காட்டத் தொடங்கிவிட்டனர்.

பெரியவர் சொன்னது

ஓபநாயக்கவில் தேநீர்க் கடையொன்றில் பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். கஹவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே வேலைசெய்து ஓய்வுபெற்றவர். நாம் தேடி வந்த பொருளைக் கூறியதும் அவர் முகம் மலர்ந்தது.

"சின்னக் கோச்சியா மாஸ்டர்? அதுல ஏறாம வளந்தவங்க இந்தப் பக்கம் யாரு? ரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதுதான், தீவாளிக்குத் துணி எடுக்கப் போனாலும் அதுதான். வாழைக்குலை, கோழிக்கூடை, பிள்ளைத்தாச்சி எல்லாம் ஒரே பொட்டியில. மேட்டுல ஏறும்போது மூச்சு வாங்கும் பாருங்க, பயலுக எறங்கி கூடவே நடந்து வருவானுக."

மாணவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "பிறகு எப்போது நின்றது, ஐயா?" என்று மாணவன் ஒருவன் வினவினான்.

"வருஷம் சரியாச் சொல்லத் தெரியல தம்பி. ஆனா எங்க பெரியக்கா குடும்பம் ஒப்பந்தத்துல இந்தியாவுக்குப் போனது இந்தக் கோச்சியிலதான். இங்கேருந்து கொழும்பு, கொழும்புலேருந்து தலைமன்னார். அக்கா ஜன்னல்ல உக்காந்திருந்துச்சு. கோச்சி மெதுவாத்தானே போகும், நானும் கையப் புடிச்சுக்கிட்டே கொஞ்ச தூரம் ஓடுனேன். அதுக்கப்புறம் அக்காவப் பாக்கவே இல்ல. கொஞ்ச காலத்துல கோச்சியையும் எடுத்துட்டாங்க."

அவர் குறித்த ஒப்பந்தம், 1964ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்ட மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவுசெய்வதென்றும் அவ்வொப்பந்தம் கூறிற்று. அவ்வாண்டு டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டதால், தலைமன்னாரிலிருந்து கப்பலேறியோர் இராமேஸ்வரத்தில் இறங்கினர். களனிப் பள்ளத்தாக்குப் பாதையின் இறுதி ஆண்டுகளும் இப்பெரும் பிரிவின் ஆண்டுகளும் ஒன்றே. தோட்டத்துப் பயிரைச் சுமப்பதற்காகப் பிறந்த வண்டி, தோட்டத்து மக்களையும் கடைசியாகச் சுமந்து சென்றுவிட்டே ஓய்ந்தது.

கணக்கும் வாழ்வும்

இப்பாதை ஒரே நாளில் மறையவில்லை. எட்டியாந்தோட்டைக் கிளை, இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே பெயர்த்தெடுக்கப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரிக்கும் ஓபநாயக்கவுக்கும் சென்ற பகுதி 1970களில் மூடப்பட்டது. அவிசாவளைவரையுள்ள பகுதி மட்டும் உயிர்பிழைத்து, 1990களில் அகலப்பாதையாக மாற்றப்பட்டது.

மூடியதற்குக் காட்டப்பெறும் காரணம் எங்கும் ஒன்றே: நட்டம். இதனை நாம் முற்றிலும் மறுக்கவில்லை. சின்ன வண்டி மெதுவாகச் சென்றது. லொறியும் பஸ்ஸும் ஊருக்கூர் பெருகின. ஆயினும் கணக்கிடும் முறை ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளைப்பாதையின் நிலையங்களில் விற்ற சீட்டுகளை மட்டும் கூட்டினால் நட்டமே தோன்றும். ஆனால் அக்கிளையில் ஏறியவன் அத்துடன் நின்றானா? கொழும்புக்குச் சென்றான், அங்கிருந்து கண்டிக்கோ மன்னாருக்கோ சீட்டு வாங்கினான். கிளையை வெட்டியபின் அவன் பஸ் ஏறினால், முழுப் பயணத்துக்குமே பஸ்ஸில்தான் செல்வான். ஓடையை அடைத்துவிட்டு ஆற்றில் நீர் குறைந்ததென்று வருந்துவது போன்றது இது.

இருப்புப்பாதையின் தாயகமாகிய இங்கிலாந்தே இப்பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1963ஆம் ஆண்டு மார்ச்சில், பிரிட்டிஷ் புகையிரதச் சபையின் தலைவர் டாக்டர் பீச்சிங் ஓர் அறிக்கையை வெளியிட்டார். பாதைகளின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, பயணிகள் போக்குவரத்தில் நூற்றில் ஒரு பங்கையே சுமக்கிறது என்று அவர் காட்டினார். 2,363 நிலையங்களையும் ஏறக்குறைய 5,000 மைல் பாதையையும் மூடலாமென்றார். நாட்டுப்புறப் பாதைகள் பல அவ்வாறே மூடப்பட்டன. கிளைப்பாதையை இழந்த மக்கள் மோட்டார் வண்டியில் வந்து பெரும்பாதையில் ஏறுவர் என்பது எதிர்பார்ப்பு. மோட்டாரில் ஏறியவர்களோ, நேரே தாம் போகவேண்டிய இடத்துக்கே போய்விட்டனர்.

எடின்பரோவிலிருந்து ஸ்கொட்லாந்தின் எல்லைப்புறம் சென்ற பாதை 1969இல் மூடப்பட்டது. மக்கள் இடைவிடாது கேட்டதன் பேரில், அதன் ஒரு பகுதி 46 ஆண்டுகள் கழித்து, 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. மூடுவதற்கு ஒரு கையெழுத்துப் போதுமானதாக இருந்தது. திறப்பதற்கோ புதிய பாலங்களும் புதிய நிலமும் வேண்டியிருந்தன. பழைய தடத்தின்மேல் சில இடங்களில் வீடுகளே எழுந்துவிட்டிருந்தன. வேல்ஸ் நாட்டில் கற்பலகை சுமந்த தலித்லின் என்னும் சிறு பாதையை, 1951 முதல் ஆர்வமுள்ள பொதுமக்களே ஊதியமின்றி உழைத்து ஓட்டி வருகின்றனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

போர் மூடியதும் கணக்கு மூடியதும்

தொலைநாட்டு உதாரணம் எதற்கு? நம் வடபுலத்தையே நோக்குவோம். 1990இல் போரினால் யாழ்ப்பாணப் பாதையும் தலைமன்னார்ப் பாதையும் நின்றன. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் காவலரண் கட்டப் பெயர்த்துச் செல்லப்பட்டன. நிலையங்கள் கூரையிழந்து நின்றன. அவற்றைக் கண்டோர் இனி இங்கே வண்டி வருமென்று நம்பியிருக்க மாட்டார்கள். எனினும் 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், அடுத்த ஆண்டில் காங்கேசந்துறைக்கும் தலைமன்னாருக்கும் வண்டிகள் திரும்பின. கால் நூற்றாண்டு மௌனத்துக்குப் பின் யாழ்ப்பாண நிலையத்தில் திரண்ட மக்கள் வெள்ளத்தை நாம் மறந்துவிட முடியாது.

போர் மூடிய பாதைகள் திரும்பிவிட்டன. கணக்கு மூடிய ஓபநாயக்கப் பாதை திரும்பவில்லை. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? வடக்கின் பாதையை எவரும் வேண்டாமென்று கூறவில்லை. அது இழப்பாகவே எல்லோர் நெஞ்சிலும் இருந்தது. இங்கேயோ ஏட்டில் 'தேவையற்றது' என்று எழுதிவிட்டனர். அவ்வாறு எழுதப்பட்ட நாளில் அதற்காக வாதாட வேண்டிய தோட்ட மக்களிற் பலருக்கு வாக்குரிமையே இல்லை. பலர் கப்பலுக்காகக் காத்திருந்தனர். குரலற்றவர் பயணம் செய்யும் வண்டியை நிறுத்துவது எவர்க்கும் எளிது.

இவை பழங்கதையெனத் தள்ளத்தக்கன அல்ல. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயலின் பெருமழையில் மண் சரிந்து, நம் மலையகப் பாதை பல இடங்களில் குலைந்தது. மலைப்பாதையைச் செப்பனிடப் பெருஞ்செலவு ஆகும் என்பது உண்மையே. ஆனால் அச்செலவை எடைபோடுவோர், சீட்டு விற்ற பணத்தை மட்டும் தராசில் வைக்கலாகாது. ஆஸ்பத்திரிக்குச் செல்லும் கிழவியையும், பரீட்சைக்குச் செல்லும் மாணவனையும், மரக்கறி மூட்டையோடு ஏறும் விவசாயியையும் அத்தராசில் ஏற்ற வேண்டும். எக்காரணத்தினாலோ ஒரு பகுதியில் வண்டி நிற்க நேரிடினும், அதன் நிலத்தையாவது கைவிடாது காக்க வேண்டும். நிலம் இருந்தால் ஒருநாள் தண்டவாளம் திரும்பலாம். நிலம் போனால் பெயரும் போய்விடும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊரைச் சூழ எங்கேனும் பழைய மதகொன்றோ சமமட்டத் தடமொன்றோ இருந்தால், ஒரு விடுமுறையிலே நடந்து சென்று பாருங்கள். அதன் அகலத்தை அளவுநாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அங்கே வாழும் முதியோரிடம் அமர்ந்து, அவ்வழியே யார் போனார்கள், எதற்காகப் போனார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எத்தனை பெட்டி தேயிலை ஏறிற்று என்பதை அரசாங்க ஏடுகள் காத்து வைத்திருக்கும். ஜன்னலோரத்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிய தம்பியை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை. அதை எழுத வேண்டியவர்கள் நீங்களே. அதுவும், சொல்வதற்கு அவர்கள் இருக்கும்போதே எழுத வேண்டும்.